முற்றமும் விளையும்: பாறசாலை–நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தில் குழந்தை விளையாட்டைக் கூர்ந்தறிதல்

குழந்தைகள் விளையாட்டின்வழி எதைக் கற்கிறார்கள் என்ற வினாவுக்கு அவர்களிடமே கேட்டு விடை பெறுவது அரிது. மூன்று வயதுக் குழந்தை தான் கட்டிய மண்வீட்டைப் பற்றி ஓரிரு சொற்கள் சொல்லுமே தவிர, ஈரமண்ணுக்கும் உலர்ந்த மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை எவ்வாறு அறிந்தது என்பதையோ, அருகில் அமர்ந்த மற்றொரு குழந்தைக்கு எந்தக் கணத்தில் இடம் விட்டுக் கொடுத்தது என்பதையோ சொல்லாது. ஆகவே பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுவதே ஏறத்தாழ நூறாண்டுகளாக இத்துறையின் முதன்மையான வழியாக இருந்துவருகிறது. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எந்த மொழிக்குச் செவி கொடுக்கிறார், எதையெல்லாம் விளையாட்டு என்று கணக்கில் கொள்கிறார் என்பவற்றைப் பொறுத்து, ஒரே குழந்தை ஓர் ஏட்டில் திறன்மிக்கதாகவும் மற்றோர் ஏட்டில் பின்தங்கியதாகவும் பதிவாகிவிடக்கூடும் என்பதே இவ்வழியிலுள்ள இடர். அவ்விடர் தெளிவாகப் புலப்படும் நிலப்பகுதிகளுள் ஒன்று, கேரளத்தின் தென்கோடியில் திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த எல்லைப்புறச் சிற்றூர்கள்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரின் தென்பகுதி வட்டங்களான அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டின் ஒருபுறம் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லயில், குன்னத்துக்கால், வெள்ளறடை ஆகிய ஊராட்சிகளும், மறுபுறம் களியக்காவிளை முதலிய விளவங்கோட்டு ஊர்களும் அமைந்தன. நிருவாகத்துக்கு அது எல்லை. மண உறவுக்கும், சந்தைக்கும், கோயில் திருவிழாவுக்கும், தேவாலயச் சபைக்கும் அது எல்லையாக இருந்ததில்லை. கோட்டுக்கு வடக்கே பேசப்படும் மலையாளத்தில் தமிழின் சொல்லும் ஓசையும் செறிந்திருப்பதும், தெற்கே பேசப்படும் தமிழில் மலையாளம் ஊடுபாவாக ஓடுவதும் இருபுறத்தாரும் அறிந்தவை. தென்னையும் பலாவும் கமுகும் மரச்சீனியும் வளரும் மேட்டு நிலத்துக்கு ‘விளை’ என்று இருபுறமும் வழங்குகின்றனர்; இஞ்சிவிளை, அமரவிளை, களியக்காவிளை என ஊர்ப்பெயர்களில் அச்சொல் நிலைத்திருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடங்களைப் பற்றிய பேச்சுக்கு முற்றத்தைப் போலவே இந்த விளையும் இன்றியமையாதது.

விளையாட்டைப் பார்த்தெழுதும் கலை ஒழுங்கான முறையாக உருப்பெற்றது 1920களின் அமெரிக்காவில். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் பார்ட்டன், இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை அவர்கள் விரும்பியபடி விளையாடும் வேளையில் கவனித்து, ஒவ்வொரு குழந்தையையும் ஒரு நிமிடம் வீதம் பலநாள் பதிவுசெய்து, 1932இல் முடிவுகளை வெளியிட்டார். குறித்த சிறு காலக்கூற்றில் நிகழ்வதை மட்டும் எழுதி, அத்தகைய கூறுகளைப் பெருந்தொகையாகத் திரட்டும் இம்முறை காலமாதிரி முறை எனப்படும். அவர் கண்ட நிலைகள் ஆறு: எதிலும் ஈடுபடாமை, தனித்து விளையாடல், பிறர் விளையாட்டை வேடிக்கை பார்த்தல், பிறரருகே அமர்ந்தும் கலவாமல் விளையாடும் இணைவிளையாட்டு, பொருளும் பேச்சும் பரிமாறிக்கொள்ளும் தொடர்புறு விளையாட்டு, பொதுநோக்கோடு பங்கு பிரித்துக்கொள்ளும் கூட்டுறவு விளையாட்டு. வயது ஏறுந்தோறும் குழந்தைகள் முன்னவற்றிலிருந்து பின்னவற்றுக்கு நகர்கிறார்கள் என்பது அவரது முடிவு. மதிப்பெண் இடும்போது முதல் மூன்று நிலைகளுக்கும் எதிர்மறை எண்களே கிடைத்தன. அதாவது, வேடிக்கை பார்க்கும் குழந்தை சமூகப் பங்கேற்பில் குறைவுடையதாகக் கணக்கிடப்பட்டது. இந்த ஒரு கணக்கு எவ்வளவு தொலைவு தவறான வழியில் இட்டுச்செல்லக்கூடும் என்பது கீழே விளங்கும்.

அதே 1932இல் ஜான் பியாழே, சுவிட்சர்லாந்துச் சிறுவர் கோலிக்குண்டு ஆடும்போது விதிகளை எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்து, விதி என்பது மேலிருந்து வந்த மாற்றவொண்ணாத ஆணை என்ற எண்ணம், வளர வளர, ஆடுவோர் தமக்குள் ஒப்பி ஏற்ற உடன்படிக்கை என்ற அறிவாக மாறுவதை எடுத்துக்காட்டினார். மறு ஆண்டில் லேவ் வைகாட்ஸ்கி, பாவனை விளையாட்டில் குழந்தை தன் அன்றாட நடத்தையைவிட ஒருபடி உயர்ந்து நிற்கிறது என்று வாதிட்டார். குச்சியைக் குதிரையாகக் கொள்ளும் குழந்தை பொருளிலிருந்து பொருண்மையைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது என்பது அவ்வாதத்தின் சாரம். இங்கிலாந்தில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி இணையர் 1959இலும் 1969இலும் வெளியிட்ட நூல்கள், பெரியோர் கற்பிக்காமலேயே குழந்தைகளிடமிருந்து குழந்தைகளுக்குக் கைமாறிவரும் தெருவிளையாட்டு மரபு எத்துணை வலியது என்பதைக் காட்டின. தமிழில் இத்தகைய தொகுப்புக்கு ஞா. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ முன்னோடியாகும். ஆனால் தொகுப்பு ஒன்று, கூர்ந்தறிதல் மற்றொன்று. ஆட்டத்தின் விதிகளை எழுதிவைப்பது தொகுப்பு. அவ்விதியை ஐந்து வயதுக் குழந்தை ஒரு மாலையில் எவ்வாறு மீறியது, யார் அதைத் தட்டிக்கேட்டார், வழக்கு எப்படி முடிந்தது என்று எழுதுவது கூர்ந்தறிதல். தமிழிலும் மலையாளத்திலும் முன்னது நிறைய உண்டு. பின்னது மிகவும் வேண்டப்படுவது.

பார்ட்டனின் ஏணியைப் பிற்காலத்தார் பல இடங்களில் அசைத்தனர். இணைவிளையாட்டு கடந்துபோகும் ஒரு வளர்ச்சிப்படி அன்று, புதிய கூட்டத்தில் நுழைவதற்குக் குழந்தை கையாளும் ஓர் உத்தி என்று ரோஜர் பேக்மன், ஜான் பிரௌன்லி ஆகியோர் 1980இல் காட்டினர். அதனினும் அடிப்படையான ஐயம் பிற பண்பாடுகளிலிருந்து வந்தது. பார்பரா ரோகோஃபும் துணையாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, குவாத்தமாலா, துருக்கி, அமெரிக்கா, இந்தியாவின் இராசத்தான் ஆகியவற்றைச் சேர்ந்த நான்கு சமூகங்களின் தளிர்நடைக் குழந்தைகளை ஒப்பிட்டது. அமெரிக்க நகரத்து நடுத்தட்டுத் தாய் குழந்தையோடு தானே விளையாட்டுத் தோழியாக அமர, இராசத்தான் சிற்றூரிலும் குவாத்தமாலா மாயர் ஊரிலும் விளையாட்டுத் தோழமை பெரும்பாலும் மூத்த குழந்தைகளின் பங்காக இருந்தது. இளையவை பலவற்றை ஒரே வேளையில் கவனித்துத் தெரிந்துகொள்வதில் தேர்ந்திருந்தன. ஒரே வயதினரை ஓரறையில் வைத்து ஆக்கிய அளவுகோல், பல வயதினர் கலந்து திரியும் முற்றத்துக்கு அப்படியே பொருந்தாது என்பது இதனால் தெளிவாகிறது.

பாறசாலைப் பகுதியின் ஆட்டங்களை எடுத்துக்கொண்டால் இது கண்கூடு. கிளித்தட்டு என்ற ஆட்டம் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே பெயரால் வழங்குவது. நீள்சதுரக் களத்தைக் குறுக்குக் கோடுகளால் தட்டுகளாகப் பிரித்து, கோடுகளில் ஒரு கட்சியினர் மறித்து நிற்க, நடுக்கோட்டில் ‘கிளி’ எனப்படுபவர் ஓடித்திரிய, எதிர்க்கட்சியினர் அகப்படாமல் கடந்து மீளவேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு இவ்வாட்டம் எட்டாதது. ஆனால் அந்தக் குழந்தை களத்தின் ஓரத்தில் பல மாதங்கள் நிற்கிறது, யார் அகப்பட்டார் என்று பெரியவர்களோடு சேர்ந்து கூவுகிறது, ஆட்டம் ஓய்ந்த இடைவெளியில் வெறுங்களத்தில் இறங்கித் தானே கிளியாக ஓடிப்பார்க்கிறது, ஒருநாள் ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்க்கப்படுகிறது. அகப்பட்டாலும் வெளியேற்றாமல், வென்றாலும் கணக்கில் கொள்ளாமல், சிறு குழந்தையை ஆட்டத்துக்குள் வைத்துக்கொள்ளும் இவ்வேற்பாடு தமிழ்ச் சிறுவர் உலகின் அரிய கற்பித்தல் முறை எனத் தயங்காமல் கூறலாம். ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் ஆகியோர் 1991இல் தொழிற்பயிலுநரை ஆராய்ந்து, ஓரத்தில் இருந்துகொண்டே உரிமையோடு பங்கேற்று மெல்ல நடுவுக்கு வருவதுதான் கற்றலின் இயல்பு என்று கோட்பாடாக்கியதை, கிளித்தட்டுக் களங்கள் நெடுங்காலமாக நடைமுறையில் வைத்திருக்கின்றன. பார்ட்டனின் அட்டையைக் கையில் வைத்திருப்பவர் இக்குழந்தைக்கு எழுதக்கூடியது ‘வேடிக்கை பார்த்தல்’ என்ற எதிர்மறை எண்ணை மட்டுமே.

சிரட்டையில் ஈரமண்ணை அழுத்திக் கவிழ்த்து ‘மண்ணப்பம்’ சுடும் விளையாட்டு இதைவிடவும் இளைய குழந்தைகளுக்குரியது. மண் மிக உலர்ந்தால் உதிர்கிறது, மிக நனைந்தால் சிரட்டையில் ஒட்டுகிறது. சரியான ஈரத்தைக் கை அறிந்துகொள்ளும் வரை குழந்தை திரும்பத் திரும்பச் செய்கிறது. பெரிய சிரட்டை, சிறிய சிரட்டை என்று வரிசைப்படுத்தலும், வந்தவர்களுக்கு இலைக்கு ஒன்றாகப் பங்கிடலும் எண்ணறிவின் தொடக்கங்கள்: ஓர் இலைக்கு ஓர் அப்பம் என்று இணைப்பதைக் கல்வியாளர் ஒன்றுக்கொன்று பொருத்தம் என்பர். உதிர்ந்த கமுகம்பாளையில் ஒரு குழந்தை அமர மற்றொன்று இழுத்துச்செல்லும் பாளைவண்டியில், மேட்டில் இழுவை கூடுவதும், ஈரத்தரையில் வழுக்குவதும், பாரம் மாறினால் திரும்பும் திசை மாறுவதும் உடலால் உணரப்படுகின்றன. நுங்குக் கூந்தலில் கவைக்கம்பு பூட்டிய வண்டி, ஓலையில் முடைந்த பந்தும் பீப்பியும், எண்ணவும் அடுக்கவும் ஒளித்துவைக்கவும் பயன்படும் ரப்பர் விதையும் மஞ்சாடி மணியும் இவ்வகையின. சைமன் நிக்கல்சன் 1971இல், ஒரு சூழலில் எடுத்து மாற்றிச் சேர்க்கக்கூடிய உதிரிப்பொருள்கள் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குப் படைப்பாற்றலும் மிகும் என்று எழுதியதை மேலைநாட்டு விளையாட்டிட வடிவமைப்பாளர் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர். விளைகளில் உதிரிப்பொருளுக்குப் பஞ்சமில்லை; வண்ணம் பூசிய சறுக்குமரத்தையும் ஊஞ்சலையும் மட்டும் விளையாட்டுக் கருவியாக எண்ணுபவர் கண்ணுக்குத்தான் அவை தெரிவதில்லை.

மொழியைப் பற்றிய வினா இவ்வூர்களுக்கே உரிய கூர்மை கொண்டது. கேரளம் தமிழை மொழிச்சிறுபான்மையாக ஏற்று, பாறசாலைப் பகுதியில் தமிழ்வழிக் கல்விக்கும் இடம் தந்துள்ளது. 2017இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மாநிலத்துப் பள்ளிகள் அனைத்திலும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். இவற்றின்மேல் ஆங்கிலவழிப் பள்ளியின் ஈர்ப்பும் சேர்கிறது. வகுப்பறை ஒரு வேளைக்கு ஒரு மொழியைக் கோருகிறது. விளையாட்டு அப்படிக் கோருவதில்லை. கடை வைத்து விளையாடும் குழந்தை, விற்பவராக ஒரு மொழியிலும், வண்டி நடத்துநராக மற்றொரு மொழியிலும், டீச்சராக மூன்றாம் மொழியின் சில சொற்களிலும் பேசக்கூடும்; எந்த ஆளுக்கு எந்தப் பேச்சு என்ற தேர்வு, மொழிக்கல்வியின் மிக நுட்பமான பகுதி. கரிபியத் தீவான டொமினிக்காவில் ஏமி பாவ் செய்த ஆய்வு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. பெற்றோர் குழந்தைகளிடம் ஆங்கிலமே பேசி, பட்வா என்னும் உள்ளூர் மொழியைக் குழந்தைகளுக்குத் தடைசெய்திருந்த ஒரு சிற்றூரில், பெரியவர் கண்ணுக்கு அப்பால் பாவனை விளையாட்டில் குழந்தைகள் பட்வாவைப் பேசி வாழவைத்ததை அவர் 2012இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்தார். பெரியவர் காதில் விழும் பேச்சை மட்டும் எழுதியிருந்தால், அக்குழந்தைகளுக்குப் பட்வா தெரியாது என்றே ஆய்வு முடிந்திருக்கும்.

தமிழ்க் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளுள் மார்கரெட் டிரௌவிக் மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் 1990களின் பிற்பகுதியில் செய்த களப்பணி குறிப்பிடத்தக்கது. போர்ச்சூழலில் குழந்தைகளின் விளையாட்டைப் பொருட்படுத்தி எழுதப்பட்ட நூலாக அது 2007இல் வெளிவந்தது. சூழலின் கடுமையைக் கொண்டு விளையாட்டின் வறுமையை ஊகித்துவிடக்கூடாது என்ற பாடத்தை அந்நூலிலிருந்து எல்லைப்புற ஆய்வாளரும் பெறலாம். அமெரிக்கப் பள்ளி மைதானங்களில் பாரி தோர்ன் கண்டு 1993இல் எழுதிய மற்றொரு கருத்தும் பயன்படும். ஆண், பெண் குழந்தைகள் எப்போதும் பிரிந்தே இருப்பதில்லை. துரத்திப் பிடித்தல் போன்ற சில ஆட்டங்களில்தான் ‘நீங்கள், நாங்கள்’ என்ற பிரிவினை கூர்மை பெறுகிறது, மற்ற வேளைகளில் தளர்ந்துவிடுகிறது என்று அவர் காட்டி, பிரிவை உண்டாக்கும் அச்செயலுக்கு எல்லைப்பணி என்று பெயரிட்டார். மொழியாலும் சமயத்தாலும் சாதியாலும் பிரியக்கூடிய குழந்தைகள் எந்த ஆட்டத்தில் பிரிகிறார்கள், எந்த ஆட்டத்தில் அப்பிரிவை மறக்கிறார்கள் என்று கேட்பது, ‘இவ்வூரில் குழந்தைகள் கலந்து விளையாடுகிறார்களா’ என்று பொதுப்படக் கேட்பதைவிடப் பயன்மிக்க வினா.

களத்துக்குள் யார் வரலாம் என்ற வினாவுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலத்தில், புலையர் குலச் சிறுமி பஞ்சமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது, அதைப் பொறாத மேல்சாதியினர் அப்பள்ளியையே தீக்கிரையாக்கினர். பள்ளியின் வாயிலும் முற்றமும் வழியும் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியவை ஆனது இயல்பாக நடந்ததன்று, போராடிப் பெற்றது. ஆகவே இன்று ஒரு முற்றத்தில் ஓரமாக நிற்கும் குழந்தையைக் காணும் ஆய்வாளர், அது ஒப்புக்குச் சப்பாணியாகக் காத்து நிற்கிறதா, ஒதுக்கப்பட்டு நிற்கிறதா என்று பிரித்தறியக் கடமைப்பட்டவர். ஒரு நிமிடப் பதிவு இவ்விரண்டையும் வேறுபடுத்தாது; பல வாரங்கள் தொடர்ந்து பார்த்தால்தான் ஒன்று களத்துக்குள் நகர்வதும் மற்றொன்று நகராததும் தெரியவரும்.

இடமே அருகி வருவதும் மெய். 2011 கணக்கெடுப்பின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1508 பேர் வாழ்ந்தனர். கேரள மாவட்டங்களுள் இதுவே மிகுந்த நெருக்கம். விளைகள் மனைகளாகின்றன, முற்றங்களில் ஓடு பதிக்கப்படுகிறது, மதில்கள் எழுகின்றன. விளையாட்டிடம் இல்லாத பள்ளிகளைப் பற்றிக் கேரள உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கடுமையாகத் தீர்ப்புரைத்து, அதற்கான அளவுகளை வகுக்குமாறு அரசைப் பணித்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்டோர் பயிலும் அங்கன்வாடி அச்சட்டத்தின் கட்டுக்குள் வருவதில்லை. ஓடியாடுதல் உடலின் முதல் தேவையாக இருக்கும் வயதினருக்கே வெளி மிகக் குறைவாக உறுதிசெய்யப்பட்டிருப்பது நியாயமாகாது.

இடத்தோடு பிணைந்தது இடர் பற்றிய அச்சம். நார்வேயின் எல்லன் சான்ட்செட்டர் 2007இல், உயரம் ஏறல், விரைவு, கூர்கருவி, நீர் நெருப்பு போன்றவற்றின் அண்மை, மற்போர் போன்ற முரட்டு விளையாட்டு, கண்ணுக்கு மறைந்து திரிதல் என்று ஆறு வகையாக இடர்விளையாட்டைப் பகுத்து, அளவான இடர் குழந்தைக்குத் தன் ஆற்றலின் எல்லையைக் கற்பிக்கிறது என்று வாதிட்டார். கிணறும் குளமும் தேசிய நெடுஞ்சாலையும், பொழியூர்க் கரையில் சீறும் கடலும் உள்ள நிலத்துக்கு இதை எச்சரிக்கையோடுதான் பொருத்தவேண்டும். கொல்லாமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறுவது குழந்தை தானே அளந்துகொள்ளக்கூடிய இடர். சுற்றுச்சுவரில்லாத கிணறு அளக்கவொண்ணாத அபாயம். முன்னதை அனுமதித்துப் பின்னதை மூடுவதே முறை. நடைமுறையில் பல இடங்களில் இதற்கு நேர்மாறாக நிகழ்கிறது: மரமேறும் குழந்தை அதட்டி இறக்கப்படுகிறது, கிணறு திறந்தே கிடக்கிறது.

கொள்கை ஏடுகளில் விளையாட்டுக்கு இன்று குறையில்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் எல்லையின் இருபுறமும் உள்ளன. தமிழ்நாட்டில் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமும், கேரளத்தில் ‘அங்கணப்பூமழை’ என்ற செயல்நூலும் விளையாட்டை நடுவில் வைக்கின்றன. பள்ளிகளோடு இணைந்த முன்தொடக்க வகுப்புகளுக்குக் கேரளம் ‘வர்ணக்கூடாரம்’ என்ற பெயரில் செயற்பாட்டு இடங்களை அமைத்துவருகிறது. 2022இல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வரைவு, ஆசிரியர் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து மதிப்பிடவேண்டும் என்று வலியுறுத்துகிறது. அப்பணி யார் தோளில் விழுகிறது என்று கேட்டால், எடை பார்த்தல், ஊட்ட உணவு, வீடுவீடான கணக்கெடுப்பு, 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலிப் பதிவு ஆகியவற்றோடு மல்லுக்கட்டும் அங்கன்வாடி டீச்சர் தோளில்தான். குழந்தைகளை அவர்களின் வீட்டோடும் பேச்சோடும் அறிந்தவர் அவரைப்போல் வேறொருவர் இல்லை. இருமொழியும் அவருக்குத் தாய்மடிப் பழக்கம். அவருக்கு நீண்ட படிவம் தேவையில்லை. நாளுக்கு ஒரு குழந்தை, பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடத்துக்கு வேறு வேலையில்லை என்ற உறுதி, கேட்டது கேட்டபடி எழுத ஓர் ஏடு ஆகியவை போதும். நடந்ததை நடந்த வரிசையில் தீர்ப்புச் சொல்லாமல் எழுதும் இத்தொடர்பதிவு, முறைகளிலெல்லாம் எளியதும் பழையதும் ஆகும்.

வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு ஒழுங்குமுறைகள் கூடுதலாக வேண்டும். பெற்றோரின் ஒப்புதல், டீச்சரின் ஒப்புதல், குழந்தை முகம் திருப்பிக்கொண்டால் விலகிவிடும் பண்பு, படம் எடுக்காமை, பெயரை மறைத்தல் ஆகியவை அடிப்படை. எழுத்துப்பெயர்ப்பு தனிச்சிக்கல். ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் வரும்போது அதைத் தமிழென்றோ மலையாளமென்றோ முத்திரையிட்டால் பாதி செய்தி அழிந்துவிடும். திருவனந்தபுரத்து மலையாளத்தில் ‘அண்ணன்’ பெருவழக்காக இருக்கையில், அச்சொல்லைச் சொன்ன குழந்தை எம்மொழி பேசியது என்று முடிவுகட்ட முடியாது. ஒலித்தபடி எழுதி, யாரிடம், எந்தப் பாத்திரமாக, எந்த ஆட்டத்தில் சொல்லப்பட்டது என்பதைப் பக்கத்தில் குறித்துவைத்து, மொழி வகைப்பாட்டைப் பின்னர் இருமொழியும் அறிந்த இருவர் தனித்தனியே செய்து ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

இப்பகுதிக்கு இப்போது வேண்டிய ஆய்வு, ஒரே குழுவை நான்கு வயது முதல் எட்டு வயது வரை தொடர்வது. அங்கன்வாடியில் ஒரே பாயில் அமர்ந்த குழந்தைகள் ஆறாம் வயதை ஒட்டித் தமிழ்வழி, மலையாளவழி, ஆங்கிலவழி என்று வெவ்வேறு பள்ளி வண்டிகளில் ஏறிப் பிரிகிறார்கள். சனி, ஞாயிறுகளிலும் ஏப்ரல், மே விடுமுறையிலும் அவர்கள் மீண்டும் அதே விளையில் கூடுவதுண்டு. பள்ளி பிரித்த குழந்தைகள் கிளித்தட்டுக்குக் கட்சி பிரிக்கும்போது எந்த அடிப்படையில் பிரிக்கிறார்கள், எந்த மொழியில் வழக்காடுகிறார்கள், புதிதாகச் சேரும் இளைய குழந்தைக்கு யார் விதி சொல்லிக்கொடுக்கிறார் என்பவற்றை விடுமுறைக்கு விடுமுறை பதிவுசெய்தால், மொழிக்கொள்கை குழந்தைகளின் தோழமையில் என்ன செய்கிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்கும். இதற்குச் செலவு மிகக் குறைவு. அங்கன்வாடிக் காலத்திலிருந்தே அக்குழந்தைகளை அறிந்த உள்ளூர் இளைஞர் இருவரைப் பயிற்றுவித்தால் போதும்.